கவிழ்த்த சீட்டும் வெளுத்த சாயமும்



"அவர் தம்மிடமுள்ள துருப்புச் சீட்டை இன்னும் இறக்கவில்லை" என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. "கட்சிகள் காய் நகர்த்துகின்றன", "ஏழை உழவன் பகடைக்காய் ஆனான்", "உயிரைப் பணயம் வைத்துக் குழந்தையை மீட்டார்" என்று நாமும் பேசுகின்றோம். இவ்வாறு பேசுவோருள் பலர் சீட்டைக் கையால் தொட்டறியாதவர். சூது என்றாலே முகஞ்சுளிப்பவர். ஆயினும் சூதாடு களத்துச் சொற்கள் அவர்தம் நாவில் ஏறி அமர்ந்துவிட்டன. 'கழகம்' என்னும் சொல் திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. இன்று அதே சொல்லைப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் பொறித்து வைத்திருக்கின்றோம். சொற்களுக்கு வெட்கம் இல்லை போலும்!

இன்று ஒரே ஒரு வகைச் சொற்களைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். கையில் ஒன்றும் இல்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் காட்டிப் பிறரை மிரட்டுகின்றானே, அந்தச் செயலைக் குறிக்கும் சொற்கள் அவை.

ஆங்கிலத்தில் இதனைப் 'பிளஃப்' என்பர். அதனை உலகெங்கும் பரப்பியது போக்கர் என்னும் சீட்டாட்டம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் அவ்வாட்டம் பரவிற்று. அதன் உயிர்நிலை இதுதான். ஒருவன் கைச்சீட்டு மற்றவனுக்குத் தெரியாது. சுற்றுக்குச் சுற்றுப் பந்தயத்தை உயர்த்தலாம். அஞ்சியவர் சீட்டைக் கவிழ்த்து விலகுவர். எல்லாரும் விலகிவிட்டால், எஞ்சி நிற்பவன் தன் சீட்டைக் காட்டாமலே பணம் முழுவதையும் அள்ளிக்கொள்ளலாம். ஆகவே உதவாத சீட்டை வைத்திருப்பவனும் வெல்ல இடமுண்டு. முகம் மட்டும் மாறாதிருக்க வேண்டும். அந்நாளில் இவ்வாட்டத்துக்கே 'பிளஃப்' என்றொரு பெயரும் வழங்கியது. உணர்ச்சி காட்டாத முகத்தை ஆங்கிலேயர் 'போக்கர் முகம்' என்பர். கேட்ட கேள்விக்கு வாய் திறவாமல் அழுத்தமாக நிற்பவனை நாம் 'கல்லுளிமங்கன்' என்கின்றோமே, அவன் இந்த முகத்துக்கு நெருங்கிய உறவினன். வாணிகப் பேரத்திலும், வல்லரசுகளின் தூதுப் பேச்சிலும் இன்று பிளஃப் என்ற சொல் தாராளமாகப் புழங்குகின்றது.

இச்சொல்லின் பிறப்பிடம் ஆங்கிலம் அன்று. தற்பெருமை பேசுதல், திகைக்கச் செய்தல் என்ற பொருள்களை உடைய ஒல்லாந்து மொழிச் சொற்களிலிருந்து வந்தது என்பர். ஒல்லாந்தர் என்றதும் நமக்கு நாகப்பட்டினம் நினைவுக்கு வர வேண்டும். 1658 முதல் 1781 வரை அத்துறைமுகம் அவர்கள் கையில் இருந்தது. தூத்துக்குடியிலும் பழவேற்காட்டிலும் அவர்கள் வாணிகம் செய்தனர். நம் சீட்டாட்டக்காரர் இதயக் குறியை 'ஆட்டின்' என்கின்றனர். ஒல்லாந்தரின் 'ஹார்ட்டன்' அது. மூவிலைக் குறியைக் 'கிளாவர்' என்கின்றனர். அதுவும் அவர்கள் சொல்லே. மற்ற சீட்டுகளை வெட்டும் ஆற்றலுடைய சீட்டை அவர்கள் 'த்ரூஃப்' என்றனர். நாம் 'துருப்பு' ஆக்கிக்கொண்டோம். இலங்கைத் தமிழர் 'துரும்பு' என்பர். யாழ்ப்பாணத்தார் விரும்பியாடும் முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தில் துரும்பைக் கவிழ்த்தே வைப்பர். உரிய வேளை வரும்வரை அது வெளிப்படாது. துருப்புச் சீட்டை 'இன்னும் இறக்கவில்லை' என்ற வழக்கின் சுவை அந்த ஆட்டத்தைப் பார்த்தவருக்கு நன்கு விளங்கும்.

இங்கே ஒரு வியப்பு. ஒல்லாந்தர் வழியாக வந்த துருப்பு தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டது. பிளஃபுக்கு இணையாகச் சீட்டு மேசையிலிருந்து ஒரு சொல்லும் அவ்வாறு வேரூன்றவில்லை. ஏன்?

எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கின்றேன். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது எங்கள் எரியோடு. அதைப் போன்ற ஊர்களில் திண்ணைதோறும் ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றில் கவிழ்த்து வைக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. என் காய் எங்கே நிற்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும்; வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். புலி மூன்று என்றால் மூன்றுதான். நான்காவது புலி இருப்பதாக யாரும் மிரட்ட முடியாது. அந்த ஆட்டங்கள் நமக்குக் 'காய் நகர்த்து'தலைத் தந்தன. மறைக்க இடமில்லாத ஆட்டம் பிளஃபுக்குச் சொல் தர இயலுமா?

ஆகவே தமிழர் அச்சொற்களை வேறு இடங்களில் தேடிக்கொண்டனர். மிகுந்த ஆரவாரத்தோடு வந்து ஒன்றும் செய்யாதவனை எங்கள் ஊரில் 'வெத்து வேட்டு' என்பார்கள். அது திருவிழா வாணவெடியிலிருந்து வந்தது. 'பூச்சாண்டி காட்டாதே' என்பார்கள்; அது சோறுண்ண மறுக்கும் குழந்தையை அச்சுறுத்தும் தாயிடமிருந்து வந்தது. இளைஞர்கள் 'உதார் விடாதே' என்பார்கள். நடிப்பு வெளிப்பட்டுவிட்டால் 'சாயம் வெளுத்துப் போச்சு' என்பார்கள். இது நீலச் சாயத்தில் விழுந்த நரியின் பழங்கதையை நினைவூட்டும் வழக்கு. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கும் தொழிலைக் கண்டவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இத்தனை சொற்களுள் ஒன்றிலேனும் பாராட்டு இருக்கின்றதா? ஆங்கிலச் சொல்லில் துணிவைக் கண்டு வியக்கும் ஒரு தொனி உண்டு. தமிழ்ச் சொற்களிலோ எள்ளல்தான் உண்டு.

இந்த எள்ளல் எல்லா வேளையிலும் பலிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜுதாராக அமர்ந்தார். பாளையக்காரரோடு நடந்த ஒரு போருக்குப் பின், காயமுற்ற வீரர்களுக்கு உதவித்தொகை வழங்க மைசூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உண்மையில் காயமுற்றவர் 67 பேர். அவர்களோடு ஏறத்தாழ 700 பேரைக் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்ந்த கட்டுகளோடு ஹைதர் நிறுத்தினார் என்றும், அத்தனை பேருக்கும் தொகை பெற்றார் என்றும் கர்னல் மார்க் வில்க்ஸ் 1810-இல் வெளிவந்த தம் தென்னிந்திய வரலாற்றில் எழுதுகின்றார். பச்சை மஞ்சளை அரைத்துப் புண்ணுக்குக் கட்டுவது நம் நாட்டு வழக்கமாதலால் அதிகாரிக்கு ஐயம் எழவில்லை. வில்க்ஸ் ஆங்கிலக் கும்பினியின் படையைச் சேர்ந்தவர்; கும்பினியின் பகைவரைப் பற்றி எழுதுகின்றார் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். கதை உண்மையாயின், அது திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சார்ந்து நடந்த பெரியதொரு பிளஃப். அந்த மஞ்சள் வெளுக்கவில்லை. சில ஆண்டுகளில், 1761-இல், ஹைதர் மைசூரின் ஆட்சியையே கைப்பற்றினார்.

ஆயினும் இதனைப் பிளஃப் என்று நான் சொன்னதும் உங்கள் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியிருக்குமன்றோ? அங்கேதான் சொல்லின் வஞ்சகம் இருக்கின்றது. போக்கர் மேசையில் அமர்ந்த அனைவரும் மறைக்கலாம் என்ற விதிக்கு உடன்பட்டே அமர்கின்றனர். அங்கே ஏமாந்தவன் முறையிட முடியாது. பணப்பையோடு வந்த மைசூர் அதிகாரி எந்த ஆட்டத்துக்கும் உடன்படவில்லை. அங்கு நடந்தது பொய்க் கணக்கு. ஆட்டத்துச் சொல்லை அதன்மேல் போர்த்தினால் பொய்யும் விளையாட்டாகிவிடுகின்றது. ஒரு வணிகர் இல்லாத சரக்கை இருப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கினால், அவரைப் 'பிளஃப் அடித்தார்' என்று சிரித்துக்கொண்டு சொல்கின்றோம். பணம் கொடுத்தவர் அவ்வாறு சிரிப்பாரா?

சீட்டைப் பற்றிச் சட்டமும் நெடுநாளாக எண்ணி வருகின்றது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுவது என்றும், மூன்று சீட்டு முற்றிலும் தற்செயலைச் சார்ந்தது என்றும் உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரண்டும் திறமை ஆட்டங்களே என்று கூறி அப்பகுதியை மட்டும் நீக்கிற்று. 2025-இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. திறமையா, தற்செயலா என்ற வழக்கில் நான் புகவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். போக்கரின் திறமையில் பெரும்பங்கு எதிராளியின் முகத்தைப் படிப்பது. கைப்பேசித் திரையில் படிப்பதற்கு முகமே இல்லை. அங்கே கல்லுளிமங்கன் உங்கள் எதிரில் இருக்கின்றானா, வெறும் கணிப்பொறி இருக்கின்றதா என்பதைக்கூட நீங்கள் அறிய முடியாது.

பிளஃபுக்கு நேரான ஒரு தனித்தமிழ்ச் சொல்லை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன். 'பாசாங்கு' என்றால் மிரட்டல் விடுபடுகின்றது. 'மிரட்டல்' என்றால் வெறுங்கை விடுபடுகின்றது. எரியோட்டில் வழங்காத ஒரு சொல் வேடசந்தூரிலோ பழனியிலோ வழங்கக்கூடும். மாணவ நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திண்ணையில் தாயம் ஆடும் முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லையும், எப்போது சொல்வார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.