அழிக்க முடியாத கோடு

ஆரணியில் பட்டுப் புடவையைக் கையில் கொடுத்தால், பழகினவர்கள் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். புட்டாவின் பின்புறம் இழை ஓடியிருக்கும் விதத்திலேயே பாதி சங்கதி தெரிந்துவிடும். இன்று நான் பேச வந்த பொருளில் அந்த வசதி கிடையாது. முன்பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் தரம் சொல்ல வேண்டும். கையால் தீட்டிய பீங்கான் டைல்ஸ், அதிலும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துப் பாணியில் தீட்டியவை.

வீடு கட்டுகிறவர்கள் இதைக் கடையில் பார்த்திருப்பீர்கள். ‘இத்தாலியன் டிசைன்’ என்று சொல்லிப் பூக்கொடியும் பறவையும் போட்ட டைல்ஸை எடுத்து வைப்பார்கள். பெரும்பாலும் அது இயந்திரம் அச்சிட்டது. அச்சிட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. விலைக்கு ஏற்ற பொருள். ஆனால் அது எதைப் பார்த்துப் போட்டது என்று தெரிந்துகொண்டால், அசல் எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

அசல் வேலை இப்படி நடக்கும். களிமண் பலகையை முதலில் ஒருமுறை சூளையில் சுடுவார்கள். பிறகு வெள்ளீயச் சத்து கலந்த கிளேஸ் கரைசலில் தோய்ப்பார்கள். சுட்ட மண் தண்ணீரை உடனே இழுத்துக்கொள்ள, மேலே வெள்ளைப் பொடி ஒரு படலமாகத் தங்கும். ஓவியர் இன்னும் சுடாத அந்தப் பூச்சின் மேல்தான் தூரிகை வைக்க வேண்டும். தூரிகையின் ஈரத்தைப் பூச்சு அப்படியே குடித்துவிடும். வைத்த கோடு வைத்ததுதான். துடைக்க முடியாது, தேய்த்து மாற்ற முடியாது. பிழை வந்தால் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தோய்க்க வேண்டும். தறியின் ஜக்கார்டு அட்டையில் தவறாக ஒரு துளை விழுந்தால் அந்தப் பிழை ஒவ்வொரு புட்டாவிலும் வரும், அட்டையை மாற்றினால் போய்விடும். இங்கே பிழை ஒரே ஒரு முறைதான் வரும், ஆனால் போகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தீட்டும்போது கண்ணுக்குத் தெரிவது கடைசி நிறம் அல்ல. கறுப்பாகத் தீட்டிய கோபால்ட், இரண்டாவது சூட்டில் கிளேஸ் உருகியபின் நீலமாக வெளிவரும். செம்பு பச்சை தரும், ஆன்டிமனி மஞ்சள், அதோடு இரும்பு சேர்ந்தால் ஆரஞ்சு, மாங்கனீசு ஊதா. நல்ல சிவப்பு மட்டும் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. அரக்குச் சிவப்பு இல்லாமல் முகூர்த்தப் புடவையை நினைத்தே பார்க்காத நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஆரஞ்சை வைத்துச் சமாளித்தார்கள். இந்த நுணுக்கங்களையெல்லாம் சிப்ரியானோ பிக்கோல்பாசோ என்ற இத்தாலியர் 1557 வாக்கில் படங்களோடு எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

வெள்ளைக் கிளேஸ் இத்தாலியர் கண்டுபிடித்தது அல்ல. சீனப் பீங்கானைப் போலச் செய்யப் பார்த்து, 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ரா பக்கத்துக் குயவர்கள் கண்ட வழி அது. ஸ்பெயின் வழியாக இத்தாலி போய்ச் சேர்ந்தது. இத்தாலியர் சேர்த்தது வேறு. அதுவரை பெரும்பாலும் ஒவ்வொரு சதுரமும் தனித்தனி வடிவமாக இருந்தது. அவர்கள் சுவரை ஒரே படமாக நினைத்து, இணைப்புக் கோடுகளைத் தாண்டித் தீட்டினார்கள். நிக்குலோசோ பிசானோ என்கிற இத்தாலியர் 1504இல் ஸ்பெயினின் செவில் அரண்மனையில் அமைத்த பீடம் இதற்குப் பேர்போன சான்று. அந்த வழக்கம் அங்கிருந்து போர்ச்சுகலில் வேரூன்றி, போர்ச்சுகீசியரோடு கோவாவுக்கு வந்தது.

நம் நாட்டில் இந்தக் கலையைப் பார்க்க வேண்டுமென்றால் கோவாவின் பனாஜிக்குப் போக வேண்டும். மெனெசஸ் பிரகான்சா நிறுவனத்தின் நுழைவுக் கூடத்தில், சுவரெல்லாம் நீலத்தில் தீட்டிய காட்சிகள். 1935இல் போர்ச்சுகீசிய ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ தீட்டியவை. போர்ட்டோ நகரின் சாவ் பெந்து ரயில் நிலையத்தைச் சுமார் 20,000 டைல்ஸால் அலங்கரித்தவர் இவரே. பனாஜியில் இவர் எடுத்துக்கொண்ட பொருள் 1572இல் அச்சான, போர்ச்சுகீசியக் கவிஞர் கமாய்ன்ஷின் காவியம். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கதை. அந்தக் காவியத்தின் கடைசிக் காண்டத்தில் நம் மயிலாப்பூரும் தோமையர் கதையும் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். கொலாசோவின் கை தேர்ந்த கை, சந்தேகமே இல்லை. ஆனால் பாத்திரங்கள் மேடையில் நிற்பதைப்போல் விறைத்து நிற்கிறார்கள். ஆட்சியாளரின் பெருமையைச் சொல்ல வந்த படங்கள் என்பது மறைக்க முடியாமல் தெரிகிறது. பொருள் மறுமலர்ச்சிக் காலம், நிறம் 18ஆம் நூற்றாண்டு. நீலமும் வெள்ளையும் மட்டும் என்பது பிற்காலத்து மோகம்; பழைய இத்தாலிய வேலையில் மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் கூட்டமாக நிற்கும்.

தமிழ்நாட்டுக்கு இது சுற்றுவழியில்தான் வந்தது. இங்கிலாந்தின் மின்டன் கம்பெனி பழைய இத்தாலிய வேலையைப் பார்த்து 1851 லண்டன் கண்காட்சியில் ‘மஜோலிகா’ என்ற பெயரில் சரக்கைக் காட்டியது. ஆனால் அந்தப் பெயரில் பரவியது பெரும்பாலும் அச்சில் வார்த்த புடைப்பின் மேல் வண்ணக் கிளேஸ். தூரிகைக் கோடு அல்ல. ஜப்பானியர் அதைப் பார்த்து மலிவாகச் செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் பளபளப்பது பெரும்பாலும் அதுதான். நம் சந்தைக்காகக் கண்ணன் போன்ற தெய்வ உருவங்களையும்கூட வார்த்துத் தந்தார்கள். அழகுதான். ஆனாலும் கைவேலை என்று பார்த்தால், பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லையே நான் மேலாகச் சொல்வேன். அதற்குச் சூளையே வேண்டாம். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிப் பூ வரைகிறார்கள், அதிலும் அழித்து எழுத இடமில்லை.

நம் ஊரில் யாராவது இந்தக் கலையில் இறங்கினால், கிறிஸ்தவக் கதைப் படங்களையோ கப்பல்களையோ நகல் எடுக்க வேண்டாம். அவற்றைவிட நமக்கு ஒத்துவரும் பாணி ஒன்று உண்டு. 1480 வாக்கில் ரோமில் நீரோ மன்னனின் புதைந்த மாளிகையைக் கண்டெடுத்தார்கள். அதன் சுவர்களில் நடுத்தண்டு ஒன்று, இருபுறமும் ஒத்தபடி பறவைகள், பாதி விலங்கு பாதி இலையாக முடியும் உருவங்கள். ஓவியர் ரஃபேல் உட்பட எல்லாரும் இதில் மயங்கினார்கள். டைல்ஸ் ஓவியரும் எடுத்துக்கொண்டார்கள். கொடிக்கருக்கும் யாளியும் அன்னமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அந்நியமே இல்லை. அதன் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, நம் புடவைக் கரையில் ஓடும் உருவங்களை அதில் ஏற்றலாம். வடிவத்தை டைல்ஸுக்கு மாற்றும் முறைகூட நம் பெண்களுக்குத் தெரிந்ததே: தாளில் ஊசித் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி இறக்குவது. ஆரி வேலை செய்கிறவர்கள் ஜாக்கெட் துணியில் செய்வதும் இதே வழிதான். சுடுவதைக் கற்க விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு சொல். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. கையால் தீட்டியதில் தூரிகை அழுந்திய இடம் அடர்ந்தும், இழுத்த இடம் மெலிந்தும் இருக்கும். ஒரே பூ இரண்டு டைல்ஸில் ஒரே மாதிரி அமையாது. இன்னொன்று, இந்தக் கிளேஸ் மென்மையானது. நடமாடும் தரைக்கு வேண்டாம், சுவரில் பதியுங்கள். ஓதம் ஏறும் சுவர் என்றால் அதுவும் கூடாது, உப்பு கிளம்பிப் பூச்சைத் தள்ளிவிடும்.

கோவா தூரம் என்றால் கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் ஆலயத்துக்குப் போகலாம். அங்குள்ள தரை சீனாவில் தீட்டியது, 18ஆம் நூற்றாண்டில் பதித்தது. இத்தாலிக்கு முன்பே நீலத்தைக் கற்றுத் தேர்ந்த மரபின் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.