நரம்பணுக்களும் வலிப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் மருத்துவரல்லோம், ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு உழலும் குமாஸ்தா. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பும் நின்றது. அங்ஙனமிருக்க, நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பேசத் துணிந்த காரணம் சிறிது நேரத்தில் விளங்கும்.

மூளை, அதிலிருந்து முதுகெலும்பினூடே இறங்கும் தண்டுவடம், இவ்விரண்டிலிருந்தும் கிளைத்து உடலெங்கும் பரவும் நரம்புகள் ஆகியவை சேர்ந்ததே நரம்பு மண்டலம். ஒன்றரைக் கிலோ எடைக்குள் அடங்கும் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவை ஒட்டிப் பின்னிய ஒரே வலையல்ல, தனித்தனி அணுக்களே என்று நிறுவியவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். அதற்கு அவர் கையாண்டது இத்தாலியரான கோல்ஜி கண்ட சாயமேற்றும் முறையை. கோல்ஜியோ வலை என்றே சாதித்தார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கினார்கள். அம்மேடையிலும் அவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை!

ஒவ்வொரு நரம்பணுவிலும் செய்தியை வாங்கும் சிறு கிளைகள் பல. அனுப்பும் நீண்ட இழை ஒன்று. தண்டுவடத்திலிருந்து பாதம்வரை செல்லும் இழை ஒரு மீட்டர் நீளமும் இருக்கும். மின்னேற்றம் பெற்ற சோடியமும் பொட்டாசியமும் இழையின் சுவரைக் கடக்கும்போது எழும் மின் துடிப்பே செய்தியாகும். கொழுப்புறை போர்த்த பருத்த இழைகளில் அது விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரையும். உறையற்ற மெல்லிழைகளில் ஏறக்குறைய ஒரு மீட்டரே. கல்லில் கால் இடித்தால் அடி முதலில் தெரிந்து, எரியும் வலி சற்றுப் பின்னே வந்து சேர்வது இதனாலேதான். ஒன்று எக்ஸ்பிரஸ்; மற்றொன்று கூட்ஸ்.

ஓர் அணுவின் இழைக்கும் அடுத்ததன் கிளைக்கும் இடையே பெரும்பாலும் நுண்ணியதோர் இடைவெளி உண்டு. அதனை ரசாயனப் பொருள்கள் கடக்கின்றன. அவற்றுள் சில 'புறப்படு' என்கின்றன. சில 'நில்' என்கின்றன. ரயில்வேக் காலனியில் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வண்டியை அனுப்புவது மட்டுமா ஸ்டேஷன் மாஸ்டரின் வேலை? லைன் கிளியர் கிடைக்கும்வரை நிறுத்தி வைப்பதும் அவர் பொறுப்பன்றோ! மூளையில் 'நில்' என்னும் கட்டளை தளர்ந்து, பெருந்திரளான அணுக்கள் ஒருசேரத் துடிக்கத் தலைப்பட்டால், அதுவே வலிப்பாகிறது. பேயுமில்லை, சாபமுமில்லை.

ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தார். அவ்வழி வந்த இ.இ.ஜி. தாளொன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அஃது எங்கள் மூத்த மகளுடையது.

அவள் இசைவோடுதான் கூறுகிறோம். நான்கு ஆண்டுகள் மறைத்தோம். அண்டை வீட்டாரிடம் பித்த மயக்கம் என்றோம். இவ்வூரார் இதை 'மிர்கி' என்று சொல்லிச் செருப்பை முகரச் செய்வதைக் கண்டு நகைத்த நாங்கள், அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். கரண்டிக் காம்பை வாயில் நுழைத்து அவள் பல்லொன்றை உடைத்தவர்களும் நாங்களே. சாவி கொடுத்ததும் நின்றதே என்பீர்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே நிற்பவை. சாவியைத் தேடி எடுக்கவே அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது!

திருமணம் தடைப்படுமே என்பதுதான் எங்கள் அச்சம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைக் குறித்து இருந்த தடை 1999இலேயே நீக்கப்பட்டதை அறியாமல் அஞ்சினோம். ஒழுங்காக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறார்கள். ஒருமுறை நாங்களாக மாத்திரையை நிறுத்தி, அதன் பலனையும் கண்டோம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது.

வலிப்பு வந்தால் கைகால்களை அமுக்க வேண்டாம். வாயில் எதையும், தண்ணீரையுங்கூட, இட வேண்டாம். இடிக்கும் பொருள்களை அகற்றி, தலைக்குத் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்து நிகழவிருக்கும் குழுப்பாட்டில் எங்கள் மகள் இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். கூட்டத்தில் நிற்க இரண்டாண்டுகளாக மறுத்து வந்தவள். அவளைப் பாட விடுங்கள். ஒருவேளை வலிப்பு வந்துவிட்டால், அருகில் இருப்பவர்கள் மேற்சொன்னவாறு செய்யுங்கள்.