தேகப் பயிற்சி நிலையத்தில் ஒரு யோக்கியர்

(ஒரு வாலிபர் கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு டெலிவிஷன் வேடிக்கைத் தொடர் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். “வயிற்றுப்பாட்டுச் சங்கதிகள் எத்தனையோ இருக்க, இங்கிலீஷ்காரன் கூத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?” என்றும் சிலர் நினைக்கக் கூடும். நல்லது. ஆனால் ஒரு நாட்டு ஜனங்கள் எதைக் கண்டு கும்பிடுகிறார்கள், எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்கிற இரண்டையும் கவனித்தால் அவர்கள் எவ்வளவு தூரம் பயம் தெளிந்தவர்கள் என்பது விளங்கிவிடும். அதிகாரியைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவர்கள், அதிகாரியைக் கேள்வி கேட்கவும் ஒரு நாள் கற்றுக்கொள்வார்கள். அந்த அளவில் இது நமக்கும் வேண்டிய சங்கதிதான்.

அத்தொடரின் பெயர் “தி பிரிட்டாஸ் எம்பயர்”, அதாவது பிரிட்டாஸின் சாம்ராஜ்யம். ரிச்சர்ட் ஃபெகன், ஆண்ட்ரூ நாரிஸ் என்கிற இருவர் படைத்தது. பி.பி.சி.யில் 1991 முதல் 1997 வரை ஏழு பகுதிகளாகக் காட்டப்பட்டது. விட்பரி என்கிற ஒரு கற்பனைப் புதுநகரத்தில், நீச்சல் குளமும், பந்தாட்டக் கூடமும், தேகப் பயிற்சி அறையும் சேர்ந்த ஒரு நிலையம். அதன் நிர்வாகி கார்டன் பிரிட்டாஸ். கிறிஸ் பாரி என்கிற நடிகர் அந்த வேஷம் போட்டார்.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் நாட்டில் ஊரார் குளிக்கவும் துணி துவைக்கவும் வரிப்பணத்தில் பொதுக் குளியலிடங்கள் கட்டலாம் என்று 1846-லேயே சட்டம் செய்தார்கள். நோயும் அழுக்கும் விதியினால் வருவதல்ல, தண்ணீரும் இடமும் இல்லாமையால் வருவது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டதற்கு அது ஒரு அடையாளம். பின்னால் பொது நீச்சல் குளங்களும், 1960-களிலிருந்து பெரிய விளையாட்டு நிலையங்களும் உண்டாயின. ஆகவே பிரிட்டாஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஊரார் நாற்காலி. அவர் வாங்கும் சம்பளம் ஊரார் சம்பளம். அப்படியிருக்க, அது எப்படி ஒருவருடைய சாம்ராஜ்யமாயிற்று? பெயரிலேயே கேள்வி இருக்கிறது.

பிரிட்டாஸ் எப்படிப்பட்டவர்? லஞ்சம் வாங்குகிறவரா? இல்லை. சோம்பேறியா? இல்லவே இல்லை. விளையாட்டின் மூலம் உலகத்தில் சமாதானத்தையே உண்டாக்கிவிடலாம் என்று மெய்யாக நம்புகிறவர். அதற்காக உயிரையும் கொடுக்கக் கூடியவர். ஆனால் அவர் தொட்ட காரியமெல்லாம் நாசமாகிறது. கட்டடத்தில் தீப்பிடிக்கிறது, தண்ணீர் புகுகிறது, வந்த ஜனங்கள் கையைக் காலை ஒடித்துக்கொள்கிறார்கள், சாகவும் சாகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் எதிரில் நிற்கிற மனிதன் என்ன சொல்லுகிறான் என்பதைக் காதில் வாங்குகிறதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விதியும், தன் கனவும்.

அவருடைய சுற்றத்தைப் பாருங்கள். மனைவி ஹெலன் மாத்திரையை விழுங்கி நாளைத் தள்ளுகிறாள். ஆறுதலுக்கு வேறு ஆண்களைத் தேடுகிறாள். அவருக்கு அது தெரியாது. வரவேற்பு மேஜையில் வேலை செய்கிற கேரல், பிள்ளைகளை விட்டுவிட்டு வர இடமில்லாமல் மேஜை இழுப்பறைக்குள்ளேயே வைத்து வளர்க்கிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கலாம். ஆனால் கூலிக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள் என்கிற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறதா இல்லையா? லாரா என்கிற துணை நிர்வாகி புத்திசாலி. அவர் கெடுத்ததையெல்லாம் சரிசெய்கிறவள் அவள். வேலை பெண்ணுக்கு, பட்டம் ஆணுக்கு! காலின் என்கிற இன்னொரு துணை நிர்வாகியோ, உடம்பெல்லாம் சொறியும் கட்டுமாக இருந்துகொண்டு, எஜமானர் எது சொன்னாலும் பக்தியோடு தலையாட்டுகிறவன்.

ஒரு சாம்ராஜ்யம் நிற்பதற்கு இந்த இரண்டு தூண்கள் போதும், தோழர்களே! ஒன்று, சொன்னதையெல்லாம் நம்புகிற பக்தன். மற்றொன்று, வாய் திறவாமல் தவறுகளை மூடித் திருத்திக்கொண்டே இருக்கிற திறமைசாலி. பின்னவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனாலும் அவர் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் நாற்காலியின் யோக்கியதை ஊருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

மேலும் கேவின், டிம் என்று இரண்டு ஊழியர்கள். இருவரும் ஆண்கள், காதலர்கள். நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி பிரிட்டாஸுக்கு மட்டும் தெரிகிறதில்லை. இதை வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். 1988-ல் பிரிட்டனில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஒன்று வந்தது. அதன் 28-வது பிரிவு, நகரசபைகள் ஒருபால் காதலுக்கு ஆதரவு தேடக் கூடாது என்று தடுத்தது. அதே சட்டத்தின் இன்னொரு பாகம், நகரசபைகள் தம் வேலைகளைக் கம்பெனிகளோடு போட்டியிட்டு டெண்டரில் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1989-ல் விளையாட்டு நிலையங்களின் நிர்வாகமும் அதில் சேர்க்கப்பட்டது. அதாவது ஒரே புஸ்தகத்தில், ஊரார் சொத்தை ஏலக் கணக்கில் பார் என்று ஒரு உத்தரவு. இரண்டு மனிதரின் அன்பைப் பார்க்காதே என்று ஒரு உத்தரவு! 28-வது பிரிவு ஸ்காட்லாந்தில் 2000-லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-லும் ஒழிந்தது. கேவினும் டிம்மும் அதற்கு முன்பே, தடை நடப்பில் இருந்தபோதே, வாராவாரம் வீடுகளுக்குள் வந்து சாதாரண மனிதர்களாக நின்றார்கள். இது சிறிய காரியமா?

இனி, நம் கூட்டத்துக்கு ருசிக்கக் கூடிய ஒரு கட்டம். கேரலைக் காப்பாற்றப் போன பிரிட்டாஸ் தண்ணீர்த் தொட்டி விழுந்து செத்துப் போகிறார். நேரே மோட்சத்துக்குப் போகிறார். அங்கே போயும் சும்மா இருந்தாரா? அங்குள்ளவர்களையும் நச்சரித்துத் தீர்க்கிறார். அவர்கள் தாங்கமாட்டாமல் பூலோகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்! மோட்சத்தையும் ஒரு ஆபீசாக்கிக் காட்டிச் சிரித்தும் அந்நாட்டில் இடி விழவில்லை, மழையும் நிற்கவில்லை.

சிலர் கேட்கலாம்: “யோக்கியனைப் போய்க் கேலி செய்வானேன்? லஞ்சப் பேர்வழியைவிட அவன் மேலல்லவா?” என்று. லஞ்சம் வாங்குகிறவனைப் பிடிக்கச் சட்டமிருக்கிறது. காது கொடாத யோக்கியனைப் பிடிக்க எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது? அவனுடைய நல்ல எண்ணமே அவனுக்குக் கவசமாகிவிடுகிறது. “உங்கள் நன்மைக்காகத்தான்” என்று சொல்லி நம் கழுத்தில் உட்காருகிறவனைக் கீழே இறக்க நமக்கே கூச்சமாயிருக்கிறது. யோக்கியதை என்பது பொது வேலைக்கு வருகிறவனிடம் இருக்கவேண்டிய முதல். அதையே கூலியாகக் கேட்டு, நம் வாயை மூடச் சொல்ல ஒருவருக்கும் பாத்தியமில்லை.

கடைசிக் கதையில் பிரிட்டாஸ் ஒரு ரயிலில் விழித்துக்கொள்கிறார். அந்த உத்தியோகத்துக்கான நேர்முகப் பேட்டிக்கு இனிமேல்தான் போகப் போகிறார், நடந்ததெல்லாம் கனவு, அவருடைய ஊழியர்களாக வந்தவர்கள் உடன் பிரயாணம் செய்கிறவர்கள். கதையில் இப்படி முடித்துவிடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நம் ஊர்ப் பொதுக் காரியங்களில், அது பள்ளிக்கூடமானாலும், ஆஸ்பத்திரியானாலும், நம்முடைய சங்கமேயானாலும், நாற்காலியில் இருப்பவர் நல்லவர் என்கிற ஒரே காரணத்துக்காகக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாம் சொன்ன இதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உங்கள் அறிவைக் கொண்டு பரீட்சித்து, சரியென்று பட்டால் மட்டும் கொள்ளுங்கள்.