பொருள் தெரிதலும் பொருள் தேடலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்திற் பயிலும் எம் போன்றோர்க்கு, கேட்போரை ஒரு கருத்துக்கு இணங்கச் செய்யும் சொற்பொழிவொன்றை ஆயத்தஞ் செய்து வருமாறு ஆசிரியர் பணிப்பதுண்டு. மிஷன் பாடசாலையில் நாம் விவாதம் பழகியபோது பொருளையும் கட்சியையும் பிறரே தந்தனர். பேசுவது மட்டுமே எமது வேலை. இங்கோ பொருளை நாமே தெரிதல் வேண்டும். பேசுதலினும் தெரிதல் அரிது. திருவள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அவையறிதலுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார்.

நல்ல பொருளுக்கு மூன்று இலக்கணம் கூறலாம். ஒன்று, அதிலே கருத்து வேற்றுமை இருத்தல் வேண்டும். இரண்டு, கேட்டவர் இணங்கினால் அவராற் செய்யத்தக்க காரியம் ஒன்று இருத்தல் வேண்டும். மூன்று, சான்று எம் கைக்கு எட்டுவதாயிருத்தல் வேண்டும்.

இதனை எமதூர்ப் பொருள் கொண்டே பார்ப்போம். புத்தூர் மாணவனுக்கு முதலில் நினைவில் வருவது நிலாவரைக் கிணறு. இராமபிரான் அம்பூன்றிய இடம் அஃதென்பது கர்ணபரம்பரை. எமர்சன் தெனன்ற் என்பார் இலங்கையைப் பற்றி 1859இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் புத்தூர்க் கிணறு பேசப்படுகின்றது. ஆயினும், "நிலாவரை வியத்தகு கிணறு" என்றால் மறுப்பார் யார்? இணங்கியவர் செய்வதுதான் யாது? அது வருணனைக்கு உரியது, வாதத்திற்கு உரியதன்று. "குடாநாட்டின் நீரைக் காப்போம்" என்பதோ மிக விரிந்த பொருள். எல்லாரும் தலையசைப்பர், ஒருவரும் எழுந்திரார்.

எனினும் நிலாவரையே எமக்கு வழி காட்டுகின்றது. அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர்நீர். குடாநாட்டின் நிலத்தடி நீருக்கும் இதுவே இயல்பு. வற்றாத ஆறொன்றும் இல்லாத இந்நிலத்திலே, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடாக இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அவ்வழியாகவே தோட்டத்தில் இட்ட யூரியாவின் எச்சமும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக இறங்குகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது அளவுக்கு மிஞ்சியுள்ளதென 1980கள் தொட்டே ஆய்வாளர் எழுதி வருகின்றனர். ஆகவே பொருளை இவ்வாறு சுருக்கலாம்: "ஒவ்வொரு வீட்டாரும் தம் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிப்பித்தல் வேண்டும்." மூன்று இலக்கணமும் இதற்குப் பொருந்துகின்றன.

இனி, பொருள் தேடும் முறை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே முதலிற் பரபக்கத்தை வைத்தார். அதன் பின்பே சுபக்கத்தை வைத்தார். பிறர் மதத்தைச் செவ்வையாய் எடுத்துரைக்க வல்லவனே தன் மதத்தை நிறுவ வல்லவன். நாமும் நூல்நிலையத்திற்குச் செல்லுமுன் தோட்டத்துக்கும் அடுக்களைக்கும் சென்று மறுப்புக்களைக் கேட்டல் வேண்டும்.

"பாட்டன் பூட்டன் குடித்த தண்ணீர்தானே?" என்பார் ஒருவர். அவர்கள் தோட்டம் மாட்டெருவும் குழையும் கொண்டு விளைந்தது. இன்றைய அளவில் அவர்கள் யூரியா இட்டதில்லை. "கொதிக்க வைத்தே குடிக்கிறோம்" என்பார் மற்றொருவர். கொதித்தலாற் கிருமி சாகும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கவுங் கூடும். "பசளை இல்லாமல் வெங்காயம் விளையுமா?" என்பார் கமக்காரர். அவர் கேள்வி நியாயமானது. அதனாலேயே பசளையை விடுங்கள் என்று நாம் வாதிக்கவில்லை. நீரை அறிந்து கொள்ளுங்கள் என்றே வாதிக்கின்றோம்.

சான்றுகள் தம்முள் மாறுபட்டால் என் செய்வது? சுன்னாகத்து அனல்மின் நிலையத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததென மக்கள் முறையிட்டபோது, நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் எண்ணெய் உண்டு என்றன. நிபுணர் குழுவொன்று தீங்கான மாசு இல்லை என்றது. 2019 ஏப்ரலிலே உயர் நீதிமன்றம், கிணறுகள் மாசுற்றோர்க்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் கம்பனிக்குக் கட்டளையிட்டது. மாணவன் இங்கே கற்க வேண்டியது யாது? அறிக்கையின் முடிவை மட்டும் பெயர்த்தெழுதல் ஆகாது. நீரை எடுத்தவர் யார், எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எதனைத் தேடினர் என்று வினவுதல் வேண்டும். எமக்கு இசைந்த அறிக்கையையும் அவ்வாறே வினவுதல் வேண்டும்.

அன்பர்களே, புள்ளி பெறுவதற்காக மட்டும் பேசிய பேச்சு வகுப்பறையோடு முடிந்துவிடும். ஊரவர் உயிர் தங்கியிருக்கும் பொருளைத் தெரிந்தால் அவ்வாறு முடியாது. எம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் இம்மாரி கழிந்ததும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் கொடுத்து, வரும் பெறுபேற்றை ஒரு கொப்பியிற் பதிந்து வைப்போமாக. பெறுபேறு நன்றாயின் மகிழ்வோம். தீதாயின் முதலில் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அறிவிப்போம். பெரியோர்கள் தங்கள் கிணற்றுக் கட்டில் எமக்கு இடந் தந்து ஆதரிப்பார்களாக. வேறெந்த நூலிலும் கிடைக்காத சான்று அக்கொப்பியில் இருக்கும். அதைக் கையில் ஏந்திப் பேசுபவனுக்கு அவையஞ்சாமை தானே வரும்.