அடைத்த கதவும் ஆபத்து வேளையும்



தீ என்றதும் நாம் தண்ணீர் வாளியைத் தேடி ஓடுகின்றோம். ஆயின், எரியும் வீட்டின் கதவு பூட்டிக் கிடந்தால், எத்தனை வாளி நீர் இருந்தும் உள்ளே சிக்கியவரை மீட்க இயலாது. ஆகவே, பூட்டிய கதவைக் கைக்கருவிகளால் திறக்கும் முறை பற்றி இன்று பேச விழைகின்றோம்.

திருடனுக்கு அஞ்சி வாசலுக்கும் சன்னலுக்கும் கம்பிக் கதவு போடுகின்றோம். திருடனைத் தடுக்கும் அதே கம்பி, தீ வேளையில் உள்ளிருப்பவரையும் தடுக்கின்றது. நகரிலிருந்து தீயணைப்பு வண்டி தோட்டச் சாலை வழியே வந்து சேரும்வரை, மீட்கும் பொறுப்பு அண்டை வீட்டாரிடமே உள்ளது.

கதவைக் காலால் உதைப்பதும் தோளால் மோதுவதும் வீண் துன்பம். வேண்டுவது முரட்டு வலிமையன்று, நெம்புகோலின் துணையே. நியூயார்க் தீயணைப்புப் படை அதிகாரி ஹியூ ஹாலிகன் 1948ஆம் ஆண்டில் இதற்கெனவே ஓர் இரும்புக்கோலை வடிவமைத்தார். அதன் ஒரு முனை கவை போன்றது. மறுமுனையில் தட்டை அலகும் கூர்முனையும் உண்டு. நமக்குத் தட்டைமுனைக் கடப்பாரையும் கோடாலியும் போதும். கோடாலியின் பின்புறமே சம்மட்டியாகும். பாராங் கத்தியால் மட்டும் நெம்பலாகாது. அலகு முறிந்து தெறிக்கும்.

முதற்கண், ஒருவர் 999 எண்ணுக்குத் தகவல் தர வேண்டும். அடுத்து, புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் அதன் பின்னே தீ நிற்கின்றது. வேறு வாசலையோ சன்னலையோ நாட வேண்டும். சுடவில்லையெனில் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூட்டாத கதவை உடைத்துக் காலத்தை இழந்தவர்களும் உண்டு.

பின்னர்க் கீலைக் காண்க. கீல் வெளியே தெரிந்தால் கதவு நம் பக்கம் திறப்பது. பூட்டின் அருகே இடுக்கில் அலகைச் செலுத்தி, கதவு நிலையைவிட்டு நம் பக்கம் விலகுமாறு நெம்ப வேண்டும். கீல் தெரியாவிடில் கதவு உட்புறம் திறப்பது. பூட்டின் அருகே கதவுக்கும் நிலைக்கும் நடுவே அலகை வைத்து, கோடாலியின் பின்புறத்தால் அடித்து ஆழ இறக்கி, கடப்பாரையைக் கதவுப் பக்கம் தள்ள வேண்டும். நிலை விலகும், பூட்டின் நாக்குப் பிடியிழக்கும்.

வெளியே தொங்கும் பூட்டை அடித்துக்கொண்டிருத்தல் வேண்டா. பூட்டு வலியது, கொண்டியைப் பிடித்திருக்கும் திருகாணிகளே மெலியவை. கொண்டியின் பின்னே அலகை நுழைத்து நெம்பினால் அவை மரத்தைவிட்டுப் பெயர்ந்து வரும். கம்பிக் கதவின் பூட்டுக்கு நீண்ட கைப்பிடியுள்ள கம்பி வெட்டும் கத்தரி வேண்டும்; தோட்டத்திற்கு ஒன்றேனும் இருத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கை. கதவு திறந்ததும் காற்றுப் புகுந்து தீ சீறியெழக்கூடும். ஒருபுறம் ஒதுங்கிக் குனிந்து நின்று, கதவைக் கைவிடாமல் பிடித்துச் சிறிதளவே திறந்து பார்க்க வேண்டும். உள்ளிருப்பவரை உரக்க அழைத்து, குரல் வரும் திசைக்குத் தவழ்ந்து வரச் சொல்ல வேண்டும். கரும்புகை நிறைந்த அறைக்குள் பாய்ந்தால், மீட்கச் சென்றவரையும் மீட்க நேரிடும்.

இக்கலை கேட்டு வருவதன்று, கைப்பழக்கத்தால் வருவது. இடிக்கவிருக்கும் பழைய வீட்டின் கதவில், நிர்வாகத்தின் அனுமதி பெற்றுப் பழகுவோம். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரைச் செயல்விளக்கத்திற்கு அழைப்போம். கடப்பாரையை யாவரும் அறிந்த இடத்தில் மாட்டிவைப்போம். கம்பிக் கதவின் சாவியை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், வீட்டினுள்ளேயே தொங்கவிடுவோம்.

யாவற்றுக்கும் மேலாக, விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் பெற்றோர், பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் செல்லலாகாது. ஆயாக்கொட்டகையிலோ அண்டை வீட்டிலோ விட்டுச் செல்லுங்கள்.

கதவு போனால் தச்சர் வேறு செய்து தருவார். உயிரைச் செய்து தருவார் எவருமிலர்.