லாங்குவேஜ்: ஒரு சொல், பல வேலை

லாங்குவேஜ் என்றால் மொழி. எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'லிங்குவா' என்றால் நாக்கு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

இன்று அந்தச் சொல் நாக்கைத் தாண்டிவிட்டது. கணினிக்குக் கட்டளை எழுதுகிறோமே, அதுவும் லாங்குவேஜ்தான். முகம் சுளிப்பது, கைகட்டி நிற்பது பாடி லாங்குவேஜ். காது கேளாதவர்கள் கையால் பேசுவது சைன் லாங்குவேஜ். அதற்கு நாக்கே வேண்டாம். ஆனாலும் சொந்த இலக்கணம் உள்ள முழுமையான மொழி அது.

இன்னொரு பொருளும் உண்டு. குடும்பத்தோடு ஆங்கிலப் படம் பார்க்க உட்காருகிறீர்கள். திரையில் 'ஸ்ட்ராங் லாங்குவேஜ்' என்று போடுகிறார்கள். நல்ல ஆங்கிலம், பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்! கெட்ட வார்த்தை வரும் என்று எச்சரிக்கிறார்கள். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்று ஒருவர் முறைத்தாலும் அப்படித்தான். உங்கள் இலக்கணத்தில் பிழை என்று அர்த்தமில்லை. மரியாதையாகப் பேசுங்கள் என்கிறார்.

ஆக, லாங்குவேஜ் என்றால் மொழி மட்டுமல்ல, பேசும் விதமும்தான். அகராதியைத் திறந்தால் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். அடுத்த வரியையும் பாருங்கள்.