வழக்கை எந்த ஊரில் தொடுப்பது?

(காஞ்சிபுரம் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



தகராறுகளைப் பேசித் தீர்த்துக்கொள்வதே நன்று. ஆயினும் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. உரிய ஊர்க் கோர்ட்டின் படியேறவும் வேண்டும். உங்களிடம் யோசனை கேட்டு வருவோருக்கு இதை முதலில் எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.

இதற்கான விதிகள் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் உள்ளன. நிலம், வீடு ஆகியவற்றின் உரிமையையோ பாகத்தையோ பற்றிய வழக்கு, சொத்து இருக்குமிடத்துக் கோர்ட்டில்தான் தொடுக்கத்தக்கது. வாலாஜாபாத் பக்கத்து நிலத்தில் பாகம் கேட்பவர், தாம் சென்னையில் குடியிருப்பதற்காக அங்கே வழக்கிட இயலாது.

பணப் பாக்கி வேறு வகை. பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில் வழக்கிடலாம். வழக்குக்குரிய காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ தோன்றிய ஊரிலும் வழக்கிடலாம். காஞ்சிபுரத்தில் பேரம் முடிந்து, இங்கேயே பட்டுச் சேலைகளை ஒப்படைத்திருந்தால், கடைக்காரர் சென்னைவாசியாயினும் நெசவாளர் இங்கேயே வழக்குத் தொடுக்கலாம்.

ஆனால் சூரத்திலிருந்து ஜரிகை வாங்குவோர், பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் சிறு வரியைக் கவனிக்க வேண்டும். சேலம் ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியிடம் உலோக இழை வாங்க ஒப்பந்தம் செய்தது. தகராறுகள் கைரா கோர்ட்டின் எல்லைக்கு உட்பட்டவை என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. சேலம் கோர்ட்டு பிராதைத் திருப்பியது. சென்னை ஹைகோர்ட்டு அதை மாற்றியது. ‘மட்டும்’ போன்ற சொல் இல்லாமையால் சேலத்திலும் வழக்கு நடக்கலாம் என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. எனினும் 2013-இல் ஸ்வஸ்திக் காஸஸ் வழக்கில், அச்சொல் இல்லாவிடினும், குறித்த ஊரே என்பதுதான் இரு தரப்பாரின் கருத்து என்று கொள்ளலாம் என அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்திடுமுன் அவ்வரியைப் படியுங்கள். ஒப்பாவிடில் அப்போதே அடிக்கச் சொல்லுங்கள்.

தவறான கோர்ட்டில் கொடுத்த பிராது, உரிய கோர்ட்டில் தாக்கல் செய்யுமாறு திருப்பப்படும். விற்ற சரக்கின் விலையைக் கேட்க 3 ஆண்டே கெடு. நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்திய வழக்கில் கழிந்த காலத்தை 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தள்ளிக் கணக்கிடுகிறது. ஆனால் அலைந்த அலைச்சலையும் செலவான பணத்தையும் எச்சட்டமும் முழுவதும் மீட்டுத் தராது.

எனவே பத்திரம், பில், ரசீது ஆகியவற்றோடு முதலில் வக்கீலையோ சட்டப் பணிகள் குழுவையோ அணுகுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் அக்குழுவின் உதவி இலவசம். வழக்கின் முதல் அடி சரியான ஊரில் விழட்டும்.